முனைவுச் சிறைப்பையா, விசைச்சிமிழா?

வணக்கம்.

நன்னீர் மீன்களின் குடல் ஒட்டுண்ணிகளுக்கான சொற்பட்டியலில் ‘போலார் கெப்சியூல்’ (மிக்சோசோவா என்ற ஒட்டுண்ணிக் கூட்டத்தின் வித்திக்குள், சுருண்ட இழையை அடக்கிய நுண்ணுறை) என்பதற்கு ‘முனைவுச் சிறைப்பை’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சிஸ்ட் என்பதற்கு நம் பாடநூல்களில் சிறைப்பைதான் நிலைத்த சொல். கெண்டையின் குடற்சுவரில் தெலோஹானெல்லஸ் கிட்டாவி என்ற மிக்சோசோவா உண்டாக்கும் கட்டியும் சிஸ்ட்தான். சிறைப்பைக்குள் வித்தி, வித்திக்குள் மறுபடி சிறைப்பை! மாணவர் எதை எண்ணுவார்?

‘முனைவு’ம் பொருந்தவில்லை. மிக்சோசோவாக்களில், மிக்சோபோலஸின் வித்தியில் இரண்டு கெப்சியூலும் ஒரே முனையில் ஒட்டிக் கிடக்கும். மிக்சிடியத்தில் எதிரெதிர் முனைகளில். தெலோஹானெல்லஸில் ஒன்றே ஒன்று. சாதி (பேரினம்) பிரிக்கப் பார்க்கும் அடையாளத்தையே பெயரில் முன்கூட்டி எழுதிவிடக் கூடாது.

‘விசைச்சிமிழ்’ என்பேன். குடலின் உட்சுவரைச் சுரண்டி, 0.65% உப்புக்கரைசலில் ஒரு துளியாக வழுக்கியில் வைத்து மூடித்துண்டால் மூடுங்கள். ஓரத்தில் நீர்த்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளால் இழுங்கள். 400 மடங்கில், சிமிழுக்குள் சுருண்டிருந்த இழை வெளியே பாய்வது தெரியும். கரைசல் கடுமையானால் வித்தியின் ஓடே சிதைந்துவிடும். குழாய்நீரைத் தொடவே வேண்டாம்: மிக்சோபோலஸ் வித்தி தாங்கும், ஹெக்சாமிட்டா போன்ற சவுக்குமுளை உயிரிகள் ஊதி அசைவற்றுப் போகும். கொழும்புக் குழாய்நீரில் குளோரீன் வேறு. பிறகு ‘ஒட்டுண்ணி இல்லை’ என்று பதிந்துவிடுவோம்.

வெள்ளவத்தையிலிருந்து

————

ஐயா,

சிமிழுக்கு என் வாக்கு. ஆனால் இது நிடேரியாக்களின் (ஜெல்லிமீன், பவளம் போன்றவை) கொட்டும் உறுப்போடு ஒரே மூலமுடையது. மிக்சோசோவாவையே இன்று நிடேரியாவில்தான் சேர்க்கிறார்கள். ‘கொட்டுச்சிமிழ்’ என்றால் உறவு விளங்குமே?

————

உறவு விளங்கும், வேலை விளங்காது. இந்த இழை கொட்டுவதில்லை. விருந்துவழங்கியில் வித்தியைப் பிடிமானமாக நிறுத்துகிறது. அதனால் ‘விசை’யே இருக்கட்டும்.

பழைய ‘ஸ்போரோசோவா’ என்ற ஒரே கூடையில் கொக்சிடியா, மைக்ரோஸ்போரிடியா என்ற ஒருகல ஒட்டுண்ணிகளும் மிக்சோசோவாவுமாக மூன்றும் கிடந்தன. இன்று முதலாவது ஏப்பிகொம்ப்ளெக்சாவில் (மலேரியா ஒட்டுண்ணியின் கூட்டம்), இரண்டாவது பங்கசுக்களின் பக்கம். மூன்றுக்கும் ‘வித்தி உயிரி’ என்று பெயரிட்டால் கூடை திரும்பி வந்துவிடும். மிக்சோசோவாவுக்கு ‘சுருள்வித்தி’ என்ற முன்மொழிவும் இதனாலேயே நிற்காது: மைக்ரோஸ்போரிடியா வித்தியிலும் சுருண்ட குழாய் உண்டு, சிமிழ்தான் இல்லை. ஆகவே ‘சிமிழ்வித்தி’. ‘சளியுயிரி’ என்ற நேர்பெயர்ப்பு, குடற்சளியைச் சுரண்டும் ஆய்வுகூடத்தில் கேலிக்கு மட்டுமே உதவும்.

கொக்சிடியாவில் கௌசியா என்ற சாதியை எண்ணிக்கையால் மட்டும் பிடிக்க முடியாது: ஊசிஸ்டுக்குள் (வெளி உறை) நான்கு ஸ்போரோசிஸ்ட் (உள் உறை), ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்போரோசொயிட் (தொற்றும் உயிரணு). சுவர் மெல்லியது, உலர்ந்தால் உடையும். எய்மேரியா என்ற இன்னொரு கொக்சிடியாவிலும் இதே கணக்கு. கௌசியாவின் ஸ்போரோசிஸ்டில் நீளவாட்டில் ஓடும் தையலைத் தேடுங்கள்.

இன்னும் ஒன்று. மிக்சோபோலஸ் செரிப்ராலிஸ், டியூபிஃபெக்ஸ் புழுவுக்குள் மூன்று கைகளும் மூன்று சிமிழ்களும் கொண்ட வேறொரு வித்தியாக மாறுவது 1984இல்தான் வெளிவந்தது. அதுவரை அந்த வடிவத்தை வேறு வகுப்பாகவே எழுதினார்கள். அதற்கு ‘முக்கை வித்தி’ சரிவருமா?