ஃபிரேம்வொர்க் லேப்டாப்புக்கு நானே செய்த கார்டு: அடாப்டரில் ஓடுகிறது, ஸ்லாட்டில் அசையவே இல்லை

கரிப்புகை:
வணக்கம் நண்பர்களே. ஃபிரேம்வொர்க் 13 லேப்டாப்பின் பக்கவாட்டு ஸ்லாட்டில் யுஎஸ்பி-சி முனையால் செருகும் கார்டு ஒன்றை இரண்டு மாதமாக வடிவமைத்தேன். உள்ளே ஆர்பி2040 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப், வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் சென்சார், ஒரு எல்இடி. அவ்வளவுதான். கார்டின் அளவுகளையும் மாதிரிக் கோப்புகளையும் நிறுவனமே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பெட்டியின் வடிவத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். சர்க்யூட் என்னுடையது.

ஐந்து சர்க்யூட் பலகை செய்து வந்தது, ஐந்திலும் ஒரே கதை. யுஎஸ்பி-சி முனையைப் பழைய அகல யுஎஸ்பி-ஏ ஆக்கும் குட்டி அடாப்டர் போட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் செருகினால் எல்லாம் நடக்கிறது, சென்சார் எண்ணும் வருகிறது. லேப்டாப் ஸ்லாட்டில் தள்ளினால் எல்இடிகூட எரியவில்லை. நான்கு ஸ்லாட்டிலும் பார்த்துவிட்டேன். அதே ஸ்லாட்டுகளில் லேப்டாப்போடு வந்த கார்டுகள் ஒழுங்காக ஓடுகின்றன.

சிசி பின்னில் (எதிரே செருகியிருப்பது என்ன கருவி என்று யுஎஸ்பி-சி போர்ட் அறியும் பின்) 5.1கே, அதாவது 5.1 கிலோஓம், ரெசிஸ்டர் போட்டாயா என்று கேட்பீர்கள். போட்டிருக்கிறேன், ஏ5, பி5 என்ற பின்கள் இரண்டிலும் தனித்தனியாக. 5 வோல்ட் லைனில் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது. வேறு எங்கே பார்ப்பது?

நள்ளிரவு_நிரலர்:
ஃபர்ம்வேர் (சிப்பில் ஏற்றிய நிரல்) சிக்கலாக இருக்கலாம். பூட் பட்டனை அழுத்திக்கொண்டே செருகினால் டிரைவாகத் தெரிகிறதா?

கரிப்புகை:
தெரியவில்லை. எல்இடி சிப்பில் இல்லை, நேராக 3.3 வோல்ட்டில் இருக்கிறது. அதுவே எரியவில்லை என்றால் கரண்டே வரவில்லை என்றுதான் அர்த்தம்.

பழைய_மல்டிமீட்டர்:
தம்பி, "இரண்டிலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, வினை அங்கேதான். இரண்டு ரெசிஸ்டர் போடச் சொல்வது பெண் முனைக்கு, அதாவது கேபிள் நுழையும் துளைக்கு. கேபிளை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவார்கள் என்று தெரியாததால் அங்கே இரண்டு தேவை. உங்கள் கார்டில் இருப்பது துளைக்குள் நுழையும் ஆண் முனை. அதில் சிசி ஒன்றே ஒன்று, ஏ5. எதிரே இருக்கும் பி5-க்கு விகான் என்று பெயர், சிப் வைத்த கேபிள்களுக்குக் கரண்ட் கொடுக்கிற வழி. உங்களுக்கு அது வேண்டாம், சும்மா விட்டுவிட வேண்டும்.

இரண்டிலும் 5.1கே இருந்தால் லேப்டாப் உங்களைச் சாதாரணக் கருவியாக எண்ணாது. டைப்-சி விதிப்படி அது பழுது பார்க்கும் கருவிக்கான அடையாளம். அந்த வகையை ஏற்காத போர்ட் 5 வோல்ட்டைத் திறக்காது. டெஸ்க்டாப்பின் ஏ போர்ட்டோ யாரையும் எதுவும் கேட்காமல் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அங்கே ஓடியது.

நம்பாவிட்டால் ஏ5, பி5 இரண்டிலும் மெல்லிய கம்பி பற்றவைத்து வெளியே இழுத்து, ஸ்லாட்டில் செருகியபடி மீட்டரில் பாருங்கள்.

கரிப்புகை:
பார்த்தேன் அண்ணா. இரண்டிலும் எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது.

பழைய_மல்டிமீட்டர்:
ஆடத்தான் செய்யும். லேப்டாப் போர்ட் கரண்ட் கொடுக்கவும் வாங்கவும் தெரிந்தது. எதிரே இருப்பது யார் என்று முடிவாகும்வரை இரண்டு வேடத்தையும் மாற்றி மாற்றிப் போடும். பி5 ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு ஏ5-ஐ மறுபடி அளந்து பாருங்கள். சுமார் 0.4 வோல்ட் வந்தால் சாதாரண யுஎஸ்பி அளவு கரண்ட், 0.9 வந்தால் 1.5 ஆம்பியர், 1.7-ஐ ஒட்டி வந்தால் 3 ஆம்பியர் தரத் தயார் என்று பொருள்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4-இல் இதற்கு நேர் எதிரான பிழை. பெண் முனையின் இரண்டு சிசி பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டிருந்தார்கள். சிப் வைத்த கேபிள் மாட்டினால் போர்டு உயிர் பெறவில்லை.

கரிப்புகை:
எல்இடி ஒளிர்கிறது!!! கடுகை விடச் சின்ன ரெசிஸ்டர், பிடுங்கும்போது பறந்தே போய்விட்டது, தேடவும் இல்லை. ஏ5-இல் 0.92 வோல்ட் நிலையாக நிற்கிறது. நான்கு ஸ்லாட்டிலும் ஓடுகிறது. நான் பார்த்துப் போட்ட சர்க்யூட் பெண் முனைக்கானது என்று இப்போதுதான் கவனித்தேன்.

ஈயக்கம்பி:
அந்த 47 மைக்ரோஃபாரட்டையும் குறைத்துவிடுங்கள். செருகும் கணத்தில் 5 வோல்ட் லைனில் தெரியும் கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது என்பது யுஎஸ்பி விதி. காலி கெப்பாசிட்டர் ஒரே மடக்கில் கரண்டைக் குடிக்கும். உங்கள் லேப்டாப் பொறுத்துக்கொள்கிறது, இன்னொருவருடைய ஹப் பொறுக்காது.

அது போகட்டும், சென்சார் எண் சரியாக இருக்கிறதா? கார்டு உட்கார்ந்திருப்பது லேப்டாப்பின் சூடான உடம்புக்குள்.

கரிப்புகை:
கேட்காமல் இருந்திருக்கலாம் :) சுவர் வெப்பமானி 30 டிகிரி, கார்டு 38. ஈரப்பதமும் குறைவாகக் காட்டுகிறது.

ஈயக்கம்பி:
ஈரப்பதம் குறைவது அந்த 8 டிகிரியால்தான். அதே காற்று சூடானால் ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடும். சென்சாரைக் கார்டின் வெளி ஓரத்துக்குத் தள்ளி, சுற்றிலும் பலகையை வெட்டி மெல்லிய கழுத்து ஒன்றில் மட்டும் தொங்கவிடுங்கள். அதன் அடியில் தரைச் செம்பு (பலகையில் கிரவுண்டுக்காகப் பரப்பும் செம்புத் தகடு) வேண்டாம், செம்புதான் சூட்டைக் கடத்துகிறது. நிரலில் 8-ஐக் கழித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லேப்டாப் சும்மா இருக்கும்போது ஒரு வித்தியாசம், வீடியோ ஓடும்போது வேறு. வெட்டினாலும் முழுதாகத் தீராது. துல்லியம் வேண்டுமானால் சென்சாரை ஒரு சாண் கம்பியில் வெளியே விடுவதுதான் வழி.

கரிப்புகை:
கம்பி வெளியே தொங்கினால் கார்டாகச் செய்ததற்கே பொருள் இல்லை. வெட்டிப் பார்க்கிறேன். அடுத்த பலகை: பி5 காலி, கெப்பாசிட்டர் 4.7, சென்சாருக்குக் கழுத்து. வந்ததும் எண்ணோடு வருகிறேன்.