கார்டன் ராம்சே: பிடிக்குமா பிடிக்காதா என்பதை விடுங்க, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கொடுவா:
ராம்சே பிரிட்டிஷ் செஃப், ஹெல்ஸ் கிச்சன்னு டிவி சமையல் போட்டியில போட்டியாளர்களைக் கத்தித் திட்டுறவர். அதைப் பார்த்தவங்களுக்கு அறிமுகம் வேண்டாம், நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் கேட்டரிங் சேர்ந்ததே அந்த ஆளைப் பார்த்துதான். ஹாஸ்டல்ல எட்டுப் பேர் ஒரு லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்திருப்போம். சரியில்லாத ரிசோட்டோ (இத்தாலிக்காரங்க அரிசிச் சாப்பாடு) குப்பைத் தொட்டிக்குப் போகும், நாங்க கைதட்டுவோம்.

மூணாம் வருஷம் சென்னையில ஒரு பெரிய ஹோட்டல்ல ட்ரெய்னிங். எங்க செஃப் மதுரைப் பக்கம். காலையில "சாப்டியாடா தம்பி"ன்னு கேட்கிற மனுஷன். ஒரு சனிக்கிழமை ராத்திரி, நல்ல கூட்டம். நான் அனுப்பின கொடுவா மீன் நடுவுல வேகலை. விரலால அமுக்கிப் பார்த்தார். அந்த மீனை அப்படியே எடுத்து என் உள்ளங்கையில வெச்சு "இட்ஸ் ரா!"ன்னு கத்தினார். அந்தக் குரல் அவரோடது இல்லை. டிவியில வர்ற அதே இழுவை, அதே இங்கிலீஷ், அதே முகம். அடுத்து வந்த வார்த்தைகளை இங்க எழுத மாட்டேன். மீன் மேல சூடு, உள்ள சில்லுன்னு. கீழ வைக்கத் தைரியம் இல்லை, பிடிச்சுட்டே நின்னேன். சிரிச்சவன் என் ரூம்மேட், லேப்டாப் அவனோடதுதான்.

பத்து வருஷம் ஆச்சு. இப்பவும் சமையல் வேலையிலதான் இருக்கேன். ராம்சே வந்தா சேனலை மாத்திடறேன். என் தம்பி அதே நிகழ்ச்சியை விழுந்து விழுந்து சிரிச்சுப் பார்க்கிறான். உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

கோவை அம்மு:
எனக்கு அவரைப் பிடிக்கும், ஒரே ஒரு காட்சிக்காக. அமெரிக்க மாஸ்டர்செஃப் சமையல் போட்டி, 2012, ராம்சே அதுல நடுவர். பார்வை இல்லாத கிறிஸ்டின் ஹா ஆப்பிள் பை செஞ்சுட்டு வந்து நிப்பாங்க. பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும்னு நினைச்சுக் கண்கலங்குவாங்க. ராம்சே அது எப்படி இருக்குன்னு ஒவ்வொண்ணா அவங்களுக்கு எடுத்துச் சொல்லிட்டு, கத்தியால மேலோட்டைச் சுரண்டி அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பார்.

எங்கம்மாவுக்குக் கண்ணுல பிரஷர் வந்து பார்வை போய் ஆறு வருஷம். இன்னமும் எங்க வீட்டுல தாளிக்கிறது அவங்கதான், கடுகு வெடிக்கிற சத்தத்தை வெச்சு. அந்தக் காட்சியை நான் போனில் போட்டப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கத்தி பட்ட சத்தம் கேட்டதும் "நல்லா வெந்திருக்கு"ன்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அந்த சீசனை ஜெயிச்சதும் கிறிஸ்டின்தான். அந்த மனுஷனைக் கத்துறவர்னு மட்டும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தம்பி, உங்க கையில மீனை வெச்சது ராம்சே இல்லை.

ஈஸ்ட்ஹாம் பொடியன்:
அம்மு அக்கா, கோவிக்காதேங்கோ. நீங்கள் பாத்தது அமெரிக்க டிவிக்குப் போன ராம்சே. 1998இல லண்டன் செல்சியில ரோயல் ஹொஸ்பிட்டல் ரோட்டில தன்ரை பேரில கடை திறந்த நேரம் எடுத்த பொய்லிங் பொயின்ட் எண்ட விவரணப்படத்தைப் பாருங்கோ. மூண்டாவது மிச்லின் நட்சத்திரத்துக்காக (ரெஸ்டோரண்டுகளுக்குக் குடுக்கிற தரம், மூண்டுதான் உச்சம்) பறக்கிற மனிசன், அவரிட்டைப் பேச்சு வாங்குற பெடியள். 2001இல மூண்டும் கிடைச்சுது. அவற்றை கைத்திறனில ஒரு குறையும் நான் சொல்லேல்லை. ஆனா அவரை அழவைச்ச கதையை அவற்றை குரு மார்கோ பியர் வைட்டே சொல்லியிருக்கிறார். அழுதவர் வளந்து மற்றவனைப் பேச, அதை டிவியில பாத்தவர் சென்னையில நிண்டு கத்துறார். அப்ப அந்த மீனை வைச்சது ராம்சே இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறியள்?

என்ரை கதை சின்னன். வந்த புதுசில லண்டனில ஒரு ரெஸ்டோரண்டில கோப்பை கழுவினனான். செஃப் எங்களை ஒண்டும் பேசமாட்டார். நாங்கள் நாலு தமிழ்ப் பெடியளும் ஒருநாள் வராட்டி கடை பூட்டவேணும். ஏச்செல்லாம் ஒரு பதினெட்டு வயசு வெள்ளைக்காரப் பெடியனுக்குத்தான். ஒருநாள் கரட் எடுக்கப் போறன், குளிர் அறைக்குள்ள பால் பெட்டிக்கு மேல இருந்து அழுதுகொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும் எழும்பி "சொறி" எண்டான். கோப்பை கழுவுற என்னட்டை. அடுத்த கிழமை வரேல்லை. அவன்ரை கத்திப் பை கனநாள் அலுமாரியிலயே கிடந்தது.

வடைசட்டி:
2017இல ஒருத்தர் மெதுவடை, சாம்பார், தேங்காய்ச் சட்னியைப் படம் எடுத்து ட்விட்டர்ல ராம்சேகிட்ட மார்க் கேட்டார். ஜெயில்ல இருந்து ட்வீட் போடலாம்னு எனக்குத் தெரியாதேன்னு பதில் வந்தது. எங்க ஆபீஸ் வாட்ஸப் குரூப் அன்னிக்கு ரெண்டாப் பிரிஞ்சது. "வடையைச் சொல்லலப்பா, ஸ்டீல் தட்டைத்தான் சொன்னார்"னு பாதிப் பேர். எனக்குக் கோபமே தட்டுக்குத்தான். எங்கப்பா மெஸ் வெச்சிருந்தார். அப்படிப்பட்ட தட்டுல சோறு போட்டுத்தான் என்னைப் படிக்க வெச்சார்.

கொடுவா தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். தோலோட இருக்கிற மீன் துண்டை முதல்ல துணியால ஒத்தி ஈரம் சுத்தமாப் போக விடு. தோல்ல லேசாக் கீறு. சட்டி நல்லாக் காயணும், எண்ணெய் விட்டு தோல் கீழ இருக்கிற மாதிரி போடு. போட்டதும் சுருண்டுக்கப் பார்க்கும், விரலால கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடி. அப்புறம் தொடவே தொடாதே, ஒட்டினா இழுக்காதே, வெந்ததும் தானா விடும். ஓரத்தைப் பார்த்துட்டே இரு, கண்ணாடி மாதிரி இருக்கிற சதை கீழ இருந்து வெள்ளையாகி மேல ஏறும். முக்கால் பாகம் ஏறினதும் தீயைக் குறைச்சுத் திருப்பு. சந்தேகம் இருந்தா மெல்லிசான கம்பியைத் தடிப்பான இடத்துல குத்தி, அஞ்சு வரைக்கும் எண்ணி, எடுத்துக் கீழுதட்டுல வெச்சுப் பாரு. சில்லுன்னு இருந்தா இன்னும் வேகணும். இது வஞ்சிரம் துண்டுக்குச் சரிப்படாது, அது வேற கணக்கு. எங்கப்பா மசாலா தடவி அரை மணி ஊற வெச்சு, ரெண்டு பக்கமும் சின்னத் தீயில போடுவார்.

ரிமோட்:
இந்தப் பேச்சு எங்க வந்தாலும் "இடியட் சாண்ட்விச்" வரும், ராம்சே ஒரு பொண்ணோட காதுல ரெண்டு பிரெட்டை வெச்சுத் திட்டுற வீடியோ, அதனால முன்னாடியே சொல்லிடறேன். அது ஹெல்ஸ் கிச்சன்ல நடந்தது இல்லை. 2015இல ஜேம்ஸ் கார்டென்னு (Corden) வேற ஒருத்தர் நடத்தின டிவி நிகழ்ச்சிக்காக எடுத்த நகைச்சுவைக் காட்சி. அதுல நிக்கிறது ஜூலி சென்னு ஒரு டிவி தொகுப்பாளர். என் பொண்ணு நாலாங்கிளாஸ்ல கூடப் படிக்கிற பிள்ளையோட காதுல ரெண்டு பிரெட்டை வெச்சு அதைச் சொல்லிட்டா. அந்தப் பிள்ளை மத்தியானம் சாப்பிடலை. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்து முழு வீடியோவையும் காட்டி, இது நடிப்பும்மான்னேன். "அப்ப அந்த ஆன்ட்டி அழலையா? இவ அழுதாளே"ன்னு கேட்டா.

கொடுவா:
வடைசட்டி அண்ணே, மீன் ஏன் வேகலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நேரா சட்டியில போட்டேன், அவசரத்துல திருப்பினேன். தப்பு என்னோடதுதான். நான் கேட்டது அது இல்லை.

லண்டன் அண்ணன் எழுதினதைப் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்தது, முதல்ல எழுதாம விட்டுட்டேன். எங்க தந்தூர் மாஸ்டர் வடக்கத்திக்காரர், தமிழ் சரியா வராது. அவ்வளவு ஆர்டருக்கு நடுவுல அடுப்பை விட்டு வந்து, என் கையில இருந்த மீனை எடுத்து ஒரு தட்டுல வெச்சார். தன் ஏப்ரன்ல சொருகியிருந்த துணியால என் உள்ளங்கையைத் துடைச்சார். செஃப் பார்த்துட்டேதான் இருந்தார், ஒண்ணும் சொல்லலை. அடுத்த ஆர்டர் வந்துருச்சு.

அம்மு அக்கா, உங்கம்மாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா? மீன் வேகறது அவங்களுக்குச் சத்தத்துல தெரியுமா?

கோவை அம்மு:
கேட்டேன் தம்பி. "போட்டதும் சடசடன்னு பொரியும், தண்ணி வத்த வத்தச் சத்தம் இறங்கும், அப்பத் திருப்பச் சொல்லு"ன்னாங்க. நீங்க எழுதினது முழுசையும் படிச்சுக் காட்டினேன். "அந்தப் பையன் கை பொத்துப் போச்சா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.