‘கிரெடிட் பேலன்ஸ்’: ‘கடன் இருப்பு’ வேண்டாம், ‘வருமதி’ என்போம்

அன்புள்ள ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும்,

வணக்கம். இரண்டு நாட்களாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கிரெடிட் கார்டில் கட்டவேண்டியது போக மிஞ்சி நிற்கும் நம் பணம்தான் ‘கிரெடிட் பேலன்ஸ்’. நம் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று நான் ஏன் கேட்டேன் என்பதை முதல் மடலில் சொல்லாமல் விட்டது என் தவறு. அதைச் சொன்னால் பாதி விவாதம் தெளிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மதுரையில் இருக்கும் என் அண்ணி, தன் கிரெடிட் கார்டில் டெல்லிக்கு இரண்டு விமான டிக்கெட் எடுத்திருந்தார். 14,250 ரூபாய். பில் வந்தது, கெடு நாளுக்கு முன்பே கட்டிவிட்டார். அதன் பிறகு விமானம் ரத்தாகி, முழுத் தொகையும் கார்டுக்குத் திரும்பி வந்தது. உடனே வங்கியிலிருந்து தமிழில் ஒரு குறுஞ்செய்தி: “உங்கள் அட்டையில் கடன் இருப்பு ரூ.14,250. இதைக் கடன் வரம்பில் சரிக்கட்டச் சம்மதமா?” கடன் இருக்கிறது, அதைச் சரிக்கட்டுகிறார்கள் என்றால் நல்லதுதானே என்று அண்ணி ‘ஆம்’ என்று பதில் அனுப்பினார். அடுத்த மாதப் பில்லில் ‘மொத்த நிலுவை’ என்ற இடத்தில் 14,250. அதற்கு முன்னால் ஒரு சிறு கோடு. அது கழித்தல் குறி. அச்சில் தூசி போலத்தான் தெரிந்தது. அண்ணி மறுபடியும் 14,250 ரூபாயைக் கட்டிவிட்டார். அவருடைய பணம் 28,500 ரூபாய் வட்டியில்லாமல் வங்கியிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவர் அவர். அந்தக் குறுஞ்செய்தியை நானும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதைத் தமிழாகப் படிக்கும் எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். தமிழில் எழுதியிருந்ததால்தான் அவர் பணத்தைக் கட்டினார். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பிழை எங்கே தொடங்குகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆங்கிலத்தில் ‘கிரெடிட்’ ஒரே சொல். தமிழில் அது இரண்டு வேலை செய்கிறது. கிரெடிட் கார்டு என்னும்போது அது கடன், அதாவது கடன் அட்டை, கடன் வரம்பு. கணக்கேட்டில் எழுதும்போது அது வரவு, அதன் எதிர்ப்பக்கமான ‘டெபிட்’ பற்று. கார்டுக்கு வந்த ‘கிரெடிட்டை’க் கடன் என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. பெறவேண்டியவர் கொடுக்கவேண்டியவராகிவிடுகிறார்.

இனி ஐயா எழுதியதற்கு வருகிறேன்.

> ‘பற்று இருப்பு’, ‘வரவு இருப்பு’ என்பவை கணக்குப்பதிவியல் பாடநூல்களில் நிலைபெற்றவை. பதினோராம் வகுப்பு மாணவரும் எழுதும் சொல். கைவசம் சொல் இருக்கும்போது புதுச்சொல் தேடுவானேன்?

ஐயா, பொதுவாக நான் உங்கள் கட்சி. இங்கே மட்டும் எனக்கு ஓர் இடர் தெரிகிறது. ‘வரவு இருப்பு’ என்பது வங்கியின் பேரேட்டில் சரி. அண்ணியே வீட்டில் ஒரு கணக்குப் புத்தகம் வைத்து, உங்கள் பாடநூல்படியே எழுதினால், அதே பணம் அவருடைய ஏட்டில் பற்று இருப்பாக நிற்கும். வங்கி அவருக்குக் கடனாளி, கடனாளியின் கணக்கில் பற்று. அப்படியானால் பாடநூலை ஒழுங்காகப் படித்தவரைத்தான் ‘வரவு இருப்பு’ குழப்பும். பாடநூலில் அது இருக்கட்டும், வங்கியாளர்களும் வைத்துக்கொள்ளட்டும். பில்லிலும் குறுஞ்செய்தியிலும் நமக்கு வேண்டியது, அட்டை வைத்திருப்பவரின் பக்கம் நின்று பேசும் சொல்.

‘பாசிட்டிவ் பேலன்ஸ்’ என்ற பொருளில் ‘நேர்ம இருப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பில்லில் கழித்தல் குறியோடு வரும் தொகைக்கு நேர்மம் என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று அவரே யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். ‘உபரி’ பரவாயில்லை. ஆனால் அது யாருடைய உபரி என்று சொல்லவில்லை.

‘மீதி’ என்ற சொல்லில்தான் நான் நெடுநேரம் நின்றேன். சில்லறை இல்லையென்றால் பஸ் நடத்துநர் டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் 8 என்றோ 15 என்றோ எழுதித் தருவாரே, அது இதே பொருள்தான். என் பணம் அவரிடம் நிற்கிறது, இறங்குவதற்குள் நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த டிக்கெட்டைக் கசங்காமல் கைக்குள் வைத்துக்கொண்டு பயணம் செய்யாதவர் நம்மில் யார்? ஆனால் பில்லில் ‘மீதித் தொகை’ என்று கண்டால், இன்னும் கட்டவேண்டிய பாக்கி என்றே கண் படிக்கும். “பாதி கட்டிவிட்டீர்கள், மீதியைக் கட்டுங்கள்” என்பதும் அதே மீதிதான். ஆகவே மனமில்லாமல் அதை விட்டேன்.

அடுத்து நானே ஒரு சொல் கட்டினேன்: ‘பெறுநிலுவை’. நிலுவை என்பது நில் என்ற வேரிலிருந்து வந்தது, நிற்கும் பணம். அது இருபுறமும் செல்லும் சொல். கரும்பு விவசாயிகளுக்குச் சர்க்கரை ஆலைகள் தரவேண்டிய பணத்தையும் நாளிதழ்கள் நிலுவைத் தொகை என்றுதான் எழுதுகின்றன. அப்படியானால் கட்டவேண்டியது தருநிலுவை, வாங்கவேண்டியது பெறுநிலுவை. வினைத்தொகையாகச் சரியாக அமைகிறது என்று மகிழ்ந்திருந்தேன். அப்போதுதான் யாழ்ப்பாணத்து அக்காவின் மடல் வந்தது.

> எங்கள் பாடசாலைகளில் ‘வருமதி’, ‘சென்மதி’ என்றுதான் கணக்கியல் படித்தோம். வரவேண்டியது வருமதி, கொடுக்கவேண்டியது சென்மதி. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் ‘வியாபார வருமதிகள்’ என்று இருக்கும். உங்களிடம் இச்சொல் இல்லையா?

அக்கா, எங்கள் பாடநூல்களில் ‘பெறுதற்குரிய’, ‘செலுத்தற்குரிய’ என்று நீட்டி எழுதுகிறோம். ஆனால் ஏற்றுமதி, இறக்குமதி, வெகுமதி என்று நாள்தோறும் சொல்லும் வாய்க்கு வருமதி எப்படி அந்நியமாகும்? அதை முதல் முறை கேட்பவருக்கும் ‘வரும்’ என்பது காதில் விழுகிறது. இங்கே பணம் வரவேண்டும் என்பதுதானே செய்தி!

நேற்று மாலை அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். நாட்காட்டித் தாள்களைக் கிழித்து, பின்புறம் ‘வரவு இருப்பு ரூ.14,250’, ‘பெறுநிலுவை ரூ.14,250’, ‘வருமதி ரூ.14,250’ என்று ஒவ்வொன்றில் ஒன்றாக எழுதி, எதுவும் சொல்லாமல் ஒவ்வொன்றாக நீட்டினேன். பில்லில் இப்படி இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். முதல் தாளைப் பார்த்து, “நான் கட்டிய பணம் வரவு ஆகியிருக்கிறது” என்றார். அதாவது ரசீது என்று நினைத்தார். இரண்டாவதில் கண் நிலுவையில் போய் நின்றது. “எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும், தம்பி?” என்று கேட்டார். மூன்றாவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “எனக்கு வரவேண்டியதா இது? எப்போது தருவார்களாம்?” என்றார். நான் கட்டிய சொல்லை அங்கேயே கைவிட்டேன்.

ஒரு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால், வாடிக்கையாளர் கட்டவேண்டியதுதான் வங்கிக்கு வருமதி. உண்மை. கடனுக்கு இரு முனை உண்டு, எந்தச் சொல்லும் ஏதோ ஒரு முனையில்தான் நிற்க முடியும். ஆகவே ‘உங்களுக்கான வருமதி’ என்று முனையைச் சேர்த்தே எழுதவேண்டும் என்று நம் சொற்பட்டியலில் குறிப்போம்.

வரையறையிலும் ஒரு தெளிவு வேண்டும். பணம் திரும்பி வருவது ஒரு நிகழ்வு, வருமதி அதனால் உண்டாகும் நிலை. எல்லாத் திரும்பு பணமும் வருமதி ஆகாது. 20,000 ரூபாய் பில் கட்டப்படாமல் இருக்கும்போது, கெடு நாளுக்கு முன்பே 14,250 திரும்பி வந்தால், வங்கி அதை உடனே கட்டவேண்டிய தொகையில் கழித்துவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். பாக்கி 5,750, அவ்வளவுதான். பில்லைக் கட்டி முடித்த பிறகு வந்தால்தான் பணம் நம்முடையதாகத் தனியே நிற்கும்.

இதை ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அட்டை விதிகள் நன்றாகவே பிரித்துக் காட்டுகின்றன. கட்டி முடித்த பில்லுக்கு இப்படி வரும் பணம், கடன் வரம்பில் ஒரு விழுக்காடு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால், அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள வங்கி நம் வெளிப்படையான சம்மதத்தைப் பெற வேண்டும். மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ ஏழு நாட்களுக்குள் கேட்க வேண்டும். நாம் பதிலே சொல்லாவிட்டால் பணம் நம் வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். தொகை சிறிதோ பெரிதோ, நாமே கேட்டால் மூன்று வேலைநாட்களுக்குள் தந்தாக வேண்டும். அண்ணியின் வரம்பு 1,50,000. ஒரு விழுக்காடு 1,500. அவர் அந்தச் செய்திக்குப் பதில் சொல்லாமல் இருந்திருந்தாலே 14,250 ரூபாயும் அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வந்திருக்கும். ‘கடன் இருப்பு’ என்ற சொல்தான் அவரை ‘ஆம்’ என்று சொல்ல வைத்தது. பிறகு நாங்கள் எழுதிக் கேட்டோம், மூன்றாம் வேலைநாளில் 28,500 ரூபாயும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் அங்குள்ள விதியைக் கேட்டிருந்தார். ஒரு டாலருக்கு மேல் நிற்கும் பணத்தை எழுதிக் கேட்டால் ஏழு வேலைநாட்களுக்குள் தரவேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தால் வங்கியே முயன்று திருப்பித் தரவேண்டும். ‘வருமதி’ அங்கும் அப்படியே பொருந்தும்.

ஐயாவும் அக்காவும் இசைந்தால், சொல்லோடு சேர்த்துக் கீழுள்ள செய்தி வடிவத்தையும் பட்டியலில் ஏற்றிவிடுவேன். குறை இருந்தால் திருத்துங்கள்.

“நீங்கள் ரத்து செய்த வாங்கலுக்கான ரூ.14,250 உங்கள் கிரெடிட் கார்டுக்கு வந்துள்ளது. இது உங்களுக்கான வருமதி. நீங்கள் எதுவும் கட்டவேண்டியதில்லை. கார்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் மட்டும் ‘ஆம்’ என்று பதில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவோம்.”

இதில் ‘ரத்து செய்த’ என்பது எல்லா நேர்வுக்கும் பொருந்தாது. அண்ணியின் டிக்கெட்டை அவர் ரத்து செய்யவில்லையே. அந்த இடத்துக்கு நல்ல தொடர் ஒன்று வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி