புதுப்பிப்பு: அந்த நெக்ராசவ் புத்தகம் முதல் பதிப்புதானா?

போன மாதம் கேட்டிருந்தேன்: சோவியத் எழுத்தாளர் விக்டர் நெக்ராசவின் 'ஸ்டாலின்கிராட் பதுங்குகுழிகளில்' குறுநாவல், 1947 பிரதி, "முதன்முதலில் அச்சானது இதுதான்" என்று சொல்லி விற்றார்கள், நம்பலாமா என்று. புத்தகம் வந்துவிட்டது.

பாதி உண்மை. 1946இல் 'ஸ்னாம்யா' இதழில்தான் இது முதலில் வந்தது, அதுவும் 'ஸ்டாலின்கிராட்' என்ற தலைப்பில். நூலானது அடுத்த வருடம். அதே 1947இல் சோவியத் அரசின் ஸ்டாலின் பரிசும் கிடைத்ததால் அந்த ஒரு வருடத்திலேயே வெவ்வேறு பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது. சோவியத் புத்தகங்களில் அச்சிடலாம் என்று கையெழுத்திட்ட தேதி, அச்சான பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் பொடி எழுத்தில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். விற்றவர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார்! என் பிரதியில் அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. மற்ற 1947 பதிப்புகளின் தேதிகளோடு ஒப்பிட வேண்டும்.

அப்புறம் ஒன்று. தலைப்புப் பக்கத்தில் ஊதா மையில் வட்டமான நூலக முத்திரை. யாரோ சுரண்டியதில் காகிதம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க எழுத்து தெரிகிறது. முதலில் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் நெக்ராசவ் 1974இல் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு அவர் நூல்களை நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். இது அப்போது தப்பிய பிரதியோ என்னவோ. நிரூபிக்க வழியில்லை.

திருப்பி அனுப்பவில்லை. விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன், பதில் வரவில்லை.