பாரிஸ் காபரே மேடை திருநங்கைகளுக்கு என்ன கொடுத்தது?

ரயிலடி ராஜா:
1950களில் பாரிஸில் இருந்த மதாம் ஆர்த்தர், லெ கருசெல் என்ற இரண்டு காபரேக்களையும் திருநங்கைகளின் பொற்காலம் என்பேன். அங்கே ஆடிய திருநங்கை கொக்சினெல்லைப் பாருங்கள். 1953இல் மேடையேறினார், 1958இல் மொராக்கோவின் காசாபிளாங்காவில் டாக்டர் பூரூவிடம் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார், 1963இல் பாரிஸின் பெரிய இசையரங்கமான ஒலிம்பியாவிலேயே ஆடினார். அந்தக் காலத்தில் வேறு எங்கே இது கிடைத்தது?

மாலதி_சேலம்:
வேறு எங்கும் கிடைக்கவில்லை, தம்பி. அதைப் போய்ப் பொற்காலம் என்றால் எப்படி? பெண் வேடமிடும் ஆண்கள் என்று சொல்லித்தான் அந்த நிகழ்ச்சிகளை விற்றார்கள். பகலிலும் பெண்ணாகவே வாழ்ந்தவள், ராத்திரி டிக்கெட் போக வேண்டுமென்று அந்த விளம்பரத்துக்குக் கீழே நின்று ஆட வேண்டும்.

ரயிலடி ராஜா:
அது வியாபாரம் அக்கா, சினிமாவில் இல்லாத பொய்யா? ஹார்மோன் பற்றியும் டாக்டர் பற்றியும் அவர்கள் தெரிந்துகொண்டது தங்களோடு ஆடியவர்களிடம்தான். கருசெலில் இருந்த இங்கிலாந்துத் திருநங்கை ஏப்ரல் ஆஷ்லி 1960இல் காசாபிளாங்கா போனதும் அந்த வழியில்தான்.

மாலதி_சேலம்:
ஆஷ்லியின் மீதிக் கதையையும் சொல்லுங்கள். லண்டனில் மாடலாக நன்றாகத்தான் இருந்தார். 1961இல் ஒரு ஞாயிறு பத்திரிகை, ஆணாகப் பிறந்தவர் என்ற பழைய கதையைக் கிளறிப் போட்டது, மாடல் வேலை போச்சு. 1970இல் நீதிமன்றம் அவருடைய கல்யாணமே செல்லாது என்றது.

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவில் பாம்பியை மறந்துவிட்டீர்களே! அல்ஜீரியாவில் பிறந்த மரீ-பியர் ப்ரூவோவின் மேடைப் பெயர் அது. சுமார் இருபது வருடம் ஆடியவர். முப்பது வயதுக்கு மேல் பள்ளியிறுதித் தேர்வு எழுதி, அப்புறம் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1974இல் பிரெஞ்சு இலக்கிய ஆசிரியை ஆனார். (எனக்கெல்லாம் முப்பதில் தபால்வழி டிகிரிக்கே நாக்குத் தள்ளியது.) மேடைச் சம்பளம் இல்லாமல் இது நடந்திருக்குமா?

மாலதி_சேலம்:
நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் அந்தப் பழைய வாழ்க்கையைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. இருபது வருட உழைப்பு, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

ரயிலடி ராஜா:
அது மேடையின் தப்பா, வெளியே இருந்தவர்களின் தப்பா?

மாலதி_சேலம்:
வெளியே இருந்தவர்கள்தானே டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்?

ரயிலடி ராஜா:
சரி அக்கா, பொற்காலம் என்ற வார்த்தையை எடுத்துவிடுகிறேன். சம்பளத்தை எடுக்க மாட்டேன்.