பேட்டண்ட் மெடிசினுக்குத் தமிழில் என்ன சொல்வது?

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மருந்து விற்ற கதையைப் பற்றிய ஒரு பாட அத்தியாயத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். "பேட்டண்ட் மெடிசின்" என்ற சொல், அதாவது சரக்கைச் சொல்லாமல் பெயர் போட்டுக் கடையில் விற்ற ஆயத்த மருந்து, நாற்பது இடங்களுக்கு மேல் வருகிறது. அகராதியைப் பார்த்து "காப்புரிமை மருந்து" என்று போட்டுக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமையே கிடையாது! காப்புரிமை வாங்கினால் உள்ளே என்ன சேர்க்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவர்கள் அதற்குத் தயாராக இல்லை. பெயரையும் வணிகச் சின்னத்தையும் காத்துக்கொண்டார்கள், சரக்கை மறைத்துக்கொண்டார்கள்.

பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு பெட்டி ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்" என்று ஊரெல்லாம் விளம்பரம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909ல் இத்தகைய மருந்துகளைச் சோதித்து ஒரு நூலே வெளியிட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தவை மூசாம்பரம் (உலர்ந்த கற்றாழைச் சாறு), இஞ்சி, சோப்பு. 56 மாத்திரைக்கான சரக்கின் விலை சுமார் அரை ஃபார்திங். விற்ற விலை 1 ஷில்லிங் 1½ பென்னி. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு 4 ஃபார்திங் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், நூறு மடங்குக்கு மேல் வருகிறது.

"காப்புரிமை மருந்து" என்பதை மாணவர்கள் எப்படி விரிப்பார்கள்? "காப்புரிமை பெற்ற மருந்து" என்றுதானே? தொகையை விரித்தவுடன் பொய் வந்து நிற்கிறது. நல்ல சொல் தாருங்கள். கூடவே இன்னொன்று: அந்தக் கால விளம்பரங்களில் வரும் "ஸ்பெஷலிஸ்ட்". இதைச் "சிறப்பு மருத்துவர்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து, தமிழாசிரியர் (ஓய்வு)

தங்கைக்கு, சரியான இடத்தில் கை நின்றிருக்கிறது. சொல்லின் வேருக்குப் போவோம். பேட்டண்ட் என்பதற்கு இலத்தீனில் "திறந்திருப்பது" என்று பொருள். மன்னர் எல்லோரும் பார்க்கும்படி மூடாமல் விடுத்த ஓலை அது. நம் மன்னர்கள் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தது பட்டயம். ஆகவே "பட்டய மருந்து". தொடக்கத்தில் சிலர் உண்மையாகவே அரசரிடம் உரிமை வாங்கினார்கள். ஸ்டவ்டன் என்பவரின் எலிக்சிர் என்ற மருந்து நீருக்கு 1712ல் கிடைத்தது. அந்தப் பெயர் அப்புறம் எல்லா மருந்துக்கும் ஒட்டிக்கொண்டது.

பட்டயத்தை வடசொல் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். படு, பட்டு, பட்டை, பட்டம், பட்டயம் என்று தட்டையானதைக் குறிக்கும் தமிழ் வேர் அது என்பது என் துணிபு. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. இதைப் பற்றித் தனியாகவே ஒரு நீண்ட மடல் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து, மருந்தாளுநர்

ஐயா, மன்னிக்க வேண்டும். நான் மருந்தியலில் பட்டயம் படித்தவன். டிப்ளமோவுக்கு அதுதான் இன்றைய சொல். "பட்டய மருந்து" என்றால் என் கல்லூரி நண்பர்கள் பாடத்திட்டத்தைத்தான் நினைப்பார்கள்.

அந்த விசித்திரமான விலையைக் கவனித்தீர்களா? 1 ஷில்லிங் 1½ பென்னி. அந்த ஒன்றரைப் பென்னி அரசாங்கத்தின் வரி. 1783ல் மருந்து முத்திரை வரி வந்தது, 1812ல் புதிய சட்டம் செய்தார்கள், 1941ல்தான் எடுத்தார்கள். ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு ஒன்றரைப் பென்னி முத்திரை ஒட்ட வேண்டும். காப்புரிமை இருந்ததோ இல்லையோ, வரி முத்திரை இருந்தது. எனவே "முத்திரை மருந்து". கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம், பொய்யும் இல்லை.

தஞ்சாவூரிலிருந்து

தம்பி சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது, பட்டயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் முத்திரை வடசொல். நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கும்போது ஏன் கடன் வாங்க வேண்டும்? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். பண்டங்களுக்கு உல்கு (சுங்க வரி) வாங்குவோர் அவற்றின்மேல் "புலி பொறித்துப் புறம் போக்கி" விடுகிறார்கள். வரி வாங்கும் இடத்தில் பொறிக்கும் அரச அடையாளம், அதே வேலை! "பொறிமருந்து" என்று வையுங்கள். நாலே எழுத்தில்லை என்றாலும் வாயில் நிற்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, பொறி என்றால் எங்கட பிள்ளைகளுக்கு எலிப்பொறியும் பொறியியலும்தான் ஞாபகம் வரும். முத்திரை என்பதில் எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. நீங்கள் தபால்தலை என்கிறதை நாங்கள் முத்திரை என்றுதான் சொல்லுகிறோம். காசு குடுத்து வாங்கி ஒட்டுகிற துண்டு என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது.

ஆனால் இன்னொரு விசயம். அக்கா "பீச்சம் மாத்திரை" என்று எழுதியிருக்கிறா. நாங்கள் குளிசை என்போம். இது ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. பீச்சம், ஹாலோவே எல்லாரும் விற்றது கையாலோ பொறியாலோ உருட்டிய உருண்டை. அச்சில் அழுத்திச் செய்யும் தட்டையான வில்லைக்கு பரோஸ் வெல்கம் நிறுவனம் 1884ல் "டேப்லாய்ட்" என்று ஒரு வணிகப்பெயர் பதிந்தது. சின்னதாகச் சுருக்கியது என்ற பொருளில் அந்தப் பெயர்தான் பிறகு செய்தித்தாளுக்கும் போனது. அதற்கு முந்திய காலத்துக்கு மாத்திரை பொருந்தாது. குளிகை அல்லது குளிசை என்று போடுங்கோ.

தஞ்சாவூரிலிருந்து

மாத்திரை என்பது அளவு. கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் மாத்திரை என்று தொல்காப்பியம் சொல்லும். அளவாகத் தரும் மருந்து என்பதால் உருண்டைக்கும் அது பொருந்தும். வடிவம் முக்கியமில்லை.

கோவையிலிருந்து, சட்ட ஆசிரியர்

மாத்திரையை இன்னொரு நாள் பார்ப்போம் ஐயா. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

முத்திரையில் எனக்குப் பெரிய தயக்கம் இருக்கிறது. இந்தியாவில் முத்திரை என்றால் தரம். ஐஎஸ்ஐ முத்திரை, அக்மார்க் முத்திரை. இங்கிலாந்திலும் இதேதான் நடந்தது. அரசு முத்திரை ஒட்டியிருக்கிறதே, அரசே ஒப்புக்கொண்ட மருந்து என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். விற்றவர்களும் அந்த நம்பிக்கையைக் காசாக்கினார்கள். கடைசியில் இதற்கு அரசின் உத்தரவாதம் கிடையாது என்று முத்திரையிலேயே அச்சிட வேண்டி வந்தது. அவர்கள் ஏமாந்த அதே இடத்தில் நம் மாணவர்களையும் கொண்டுபோய் நிறுத்தும் சொல் நமக்கு வேண்டாம்.

ஒப்பந்தச் சட்டம் படித்த எவருக்கும் கார்லில் வழக்கு தெரியும். கார்பாலிக் புகையுருண்டை என்று ஒரு ரப்பர் பந்து, விலை 10 ஷில்லிங். மூக்கில் வைத்து அழுத்தினால் பொடி உள்ளே போகும். சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவோம், அதற்காக அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று 1891 நவம்பரில் விளம்பரம் செய்தார்கள். லூயிசா கார்லில் என்ற பெண்மணி நாளுக்கு மூன்று முறை, ஏறத்தாழ இரண்டு மாதம் பயன்படுத்தினார். 1892 ஜனவரி 17ஆம் தேதி காய்ச்சல் வந்தது. பணம் கேட்டார். அது சும்மா சொன்ன புகழ்ச்சி, வெறும் "பஃப்" என்றது நிறுவனம். வங்கியில் பணம் போட்டதாகச் சொன்ன பிறகு சும்மா சொன்னது எப்படி ஆகும் என்றது நீதிமன்றம். 1892 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அந்த அம்மாதான் வென்றார். "பஃப்" என்ற சொல்லை நான் வகுப்பில் "வெற்றுப் புகழ்ச்சி" என்று சொல்லி வந்தேன். ஒரு மாணவி "வாய்ப்பந்தல் சார்" என்றாள். அன்றிலிருந்து அதையே சொல்கிறேன்.

இந்த மருந்துகளை மருந்தாக்கியதே விளம்பரம்தான். தாமஸ் ஹாலோவே 1842ல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு விளம்பரத்துக்குச் செலவழித்தார். 1883ல் இறக்கும் காலத்தில் அது 50,000. அந்தப் பணத்தில் எழும்பிய பெண்கள் கல்லூரியை 1886ல் ராணியே வந்து திறந்துவைத்தார். "விளம்பர மருந்து" என்று எளிமையாக வையுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

சென்னையிலிருந்து

விளம்பரம் எல்லாப் பொருளுக்கும் உண்டே சார்? இருமல் மருந்துக்கு இன்றும் டிவியில் விளம்பரம் வருகிறது. மறைத்து வைத்ததுதான் இதன் குணம். "மறைமருந்து" என்றால் என்ன?

தஞ்சாவூரிலிருந்து

மறை என்றால் வேதம். அதர்வ வேத மருத்துவம் என்று படிப்பார்கள். ரகசியத்துக்குக் கமுக்கம் என்ற சொல் இருக்கிறது, "கமுக்க மருந்து" எனலாம். ஆனால் நான் பொறிமருந்தை விடவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து, சித்த மருத்துவர்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

முதலில் ஒன்று. இந்தச் சொல் நம் நாட்டுச் சட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் "பேட்டண்ட் ஆர் ப்ரொப்ரைட்டரி மெடிசின்" என்று ஒரு வகை உண்டு. சட்டம் ஏற்றுக்கொண்ட பழைய நூல்களில் சொன்ன முறைப்படி செய்தால் சாஸ்திர மருந்து. அந்த நூல்களில் உள்ள சரக்குகளையே கொண்டு ஒரு நிறுவனம் தானே கூட்டிச் செய்தால் பேட்டண்ட் மருந்து. எங்கள் மருந்துக் கடைகளில் தினமும் புழங்கும் சொல் இது. "டாக்டரம்மா, சாஸ்திரமா பேட்டண்டா?" என்று கடைக்காரரே கேட்பார். அதற்கும் காப்புரிமைக்கும் சம்பந்தமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் "பேட்டண்ட் மருந்து" என்று அப்படியே விட்டால் விக்டோரியா காலத்து மறைப்பு எங்கள் மருந்துகள்மேல் வந்து விழும் என்று எனக்குக் கவலை.

இரண்டாவது, குறளின் நாற்கூற்று. நோயாளி, தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம். இந்த வணிகம் தீர்ப்பவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செய்தித்தாளை வைத்தது. நாடி பார்க்க ஆளில்லை. குழந்தை அழுதால் காட்ஃபிரே கார்டியல் கொடுத்தார்கள், அதில் அபின் இருந்தது. தாய் வேலைக்குப் போயிருப்பாள், குழந்தை தூங்கிக்கொண்டே மெலிந்து போகும். குளோரோடைன் இந்தியாவில் படை மருத்துவராக இருந்த காலிஸ் பிரவுன் காலராவுக்காக 1848ல் கூட்டிய மருந்து. அபின், குளோரோஃபார்ம், கஞ்சா மூன்றும் அதில் இருந்தன. அபின் விற்பனையைப் பிரிட்டனின் 1868ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியபோது பேட்டண்ட் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. இதை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பச்சிளங்குழந்தைகளுக்கு மருந்து எழுதுகிறவள் நான்.

அதனால் என் ஓட்டு விளம்பர மருந்துக்கு. தீர்ப்பவரின் இடத்தில் எது உட்கார்ந்தது என்பதை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, அந்த "ஸ்பெஷலிஸ்ட்". இன்று இதய நோய்க்கு, கண்ணுக்கு என்று முறையாகப் படித்தவரைச் சிறப்பு மருத்துவர் என்கிறோம். அந்த விளம்பரங்களில் வந்தவர்கள் வேறு. பிரிட்டனில் 1858ல் மருத்துவர் பதிவேடு வந்தது, ஆனால் பதிவில்லாதவர் தொழில் செய்வதை அது தடுக்கவில்லை. பதிவு செய்த மருத்துவர் என்று பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். எனவே இளைஞர்களைக் குறிவைத்து "நரம்புத் தளர்ச்சி" என்று பயமுறுத்தி, தபாலில் பணம் வாங்கிக்கொண்டு, ரகசியம் காப்போம் என்று எழுதினார்கள். லண்டனில் டாக்டர் கான் என்பவரின் உடற்கூறு காட்சிசாலை 1851ல் தொடங்கியது. மெழுகுப் பொம்மைகளைக் காட்டிப் பயம் உண்டாக்கி வைத்தியத்துக்கு ஆள் பிடிக்கும் இடமாக அது மாறியது. 1873ல் மூடினார்கள். 1889ல் ஆபாச விளம்பரச் சட்டம் வந்து, நரம்புத் தளர்ச்சி விளம்பரங்களைப் பொது இடச் சுவர்களில் ஒட்டுவதைத் தடுத்தது. நம்மூர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இங்கேயும் 1954லேயே இத்தகைய விளம்பரங்களுக்கு எதிராகச் சட்டம் வந்தது. இங்கே லாட்ஜில் அறை எடுத்து இப்படி வைத்தியம் பார்ப்பவர்களின் முகாம்களில் எழுதியிருப்பது "நிபுணர்". நான் அதையே எடுத்து "விளம்பர நிபுணர்" என்று எழுதுவேன்.

கோவையிலிருந்து

டாக்டரம்மா, "விளம்பர நிபுணர்" என்றால் விளம்பரம் தயாரிப்பவர் என்றல்லவா ஆகும்?

யாழ்ப்பாணத்திலிருந்து

ஓம், எனக்கும் அப்படித்தான் பட்டது. "அரை வைத்தியர்" என்றால் என்ன?

தஞ்சாவூரிலிருந்து

அரை வைத்தியன் என்று எழுதப்போனால் அந்தப் பழமொழியை முதலில் திருத்த வேண்டும். "ஆயிரம் பேரைக் கொன்றவன்" அல்ல, "ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்" என்பதே மூலம். ஆயிரம் மூலிகை வேரை அறிந்தவனே பாதி வைத்தியன் என்று உயர்வாகச் சொன்னது. "வேரை" எப்படிப் "பேரை" ஆனது என்றால்...

பாளையங்கோட்டையிலிருந்து

ஐயா, அது எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் நம்ப ஆசைதான். ஆனால் "பேரைக் கொன்றவன்" என்பதும் மக்கள் பட்டுத் தெரிந்து சொன்னதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.

மதுரையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு பதினொன்றரை. நான் செய்தது இது.

முதல் இடத்தில் மட்டும் "பேட்டண்ட் மருந்து என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட விளம்பர மருந்து" என்று எழுதி, இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்று ஒரு வரி சேர்த்தேன். அதன்பின் எல்லா இடத்திலும் விளம்பர மருந்து. கோவை, பாளையங்கோட்டை, யாழ்ப்பாணம் மூன்று ஓட்டு (யாழ்ப்பாணத்து அன்பர் தனி மடலில் முத்திரையை விட்டுக்கொடுத்துவிட்டார்). வரியைப் பற்றிய பத்தியில் "முத்திரை ஒட்டிய மருந்து" என்று விரித்தே எழுதிவிட்டேன். உருண்டைகளுக்குக் குளிகை. ஸ்பெஷலிஸ்டுக்குச் சொல் அமையவில்லை. "தம்மை நிபுணர் என்று விளம்பரம் செய்துகொண்டவர்" என்று நீளமாகவே போட்டேன். ஒன்பது இடம் வருகிறது, படிக்கக் கனமாகத்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை அக்கா. அதே கடைகளில் விளம்பரமே இல்லாமல், மருந்துக்கடைக்காரர் தாமே கலந்து தம் பெயரைப் போட்டு விற்ற சரக்கும் இருந்தது. முத்திரை அதற்கும் உண்டு. அதை உங்கள் சொல் எங்கே வைக்கும்?

தஞ்சாவூரிலிருந்து

தம்பி கேட்பது நியாயம். அதற்குத்தான் பொறிமருந்து என்றேன். பட்டயம் பற்றிய மடலை நாளை அனுப்புகிறேன்.