பாராசிட்டமாலும் ரத்தத்தில் ஏறும் அமிலமும்: நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

பொது மருத்துவர்

பாராசிட்டமால் என்றதும் எல்லோருக்கும் கல்லீரல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அளவு மீறாமல் கொடுத்து, கல்லீரல் சோதனையும் சரியாக இருக்கும்போதே இந்த மருந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். வார்டில் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

எழுபது வயதைக் கடந்த அம்மா. முதுகெலும்பில் தொற்று. அதற்கு ஃப்ளூக்ளாக்ஸசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி, வலிக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம் பாராசிட்டமால். வாரக்கணக்கில் இப்படியே போனது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலையில் மூச்சு வேகமாக, ஆழமாக வாங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே தெளிவாக இருந்தது, ஆக்சிஜன் அளவும் குறையவில்லை. ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுத்தால் பிஹெச் 7.25, பைகார்பனேட் 10. இரண்டுமே குறைவு, அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது.

வழக்கமான சந்தேகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. லாக்டேட் ஏறவில்லை, கீட்டோன் இல்லை, சர்க்கரை சரி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் இவ்வளவு அமிலத்துக்கு அது காரணமாகாது. சோடியம் 140, குளோரைடு 104. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் அனயான் கேப் 26 வருகிறது; இது கூடினால், வழக்கமாக அளக்காத ஏதோ ஓர் அமிலம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இவருக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 2தான். 4க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கூட்ட வேண்டும், ஆக உண்மையான கேப் 31. மெலிந்த நோயாளிகளிடம் இந்தத் திருத்தத்தைப் போடாவிட்டால் பாதி விஷயம் கண்ணில் படாது.

சிறுநீரில் ஆர்கானிக் அமிலங்கள் பார்க்க அனுப்பினோம். அது வர நாளாகும் என்பதால் காத்திருக்கவில்லை. பாராசிட்டமாலை நிறுத்தி, ஆன்டிபயாட்டிக்கை மாற்றி, பாராசிட்டமால் நஞ்சுக்கு மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைன் ஆரம்பித்தோம். மூச்சு மெல்ல அடங்கியது, பைகார்பனேட் ஏறியது. அப்புறம் வந்த ரிப்போர்ட்டில் 5-ஆக்ஸோபுரோலின் என்ற அமிலம் மிக அதிகம்.

மருத்துவமனை மருந்தாளுநர்

டாக்டர் சொன்ன நோயாளியிடம் எல்லாமே ஒன்றுகூடியிருக்கிறது. செல்களைப் பாதுகாக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் உடம்பில் போதுமான அளவு இருக்கும்வரை, தன் உற்பத்தியைத் தானே கட்டுக்குள் வைத்திருக்கும். பட்டினி, நாள்பட்ட தொற்று, குடிப்பழக்கம், கல்லீரல் பலவீனம் ஆகியவற்றால் இருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். தினமும் போகும் பாராசிட்டமால் மிச்சத்தையும் செலவழித்துவிடும். கட்டுப்பாடு போனதும் உற்பத்திப் பாதையின் முதல் படி தறிகெட்டு ஓடுகிறது. அங்கே தேங்கும் பொருள்தான் 5-ஆக்ஸோபுரோலினாக, அதாவது பைரோகுளூட்டமிக் அமிலமாக மாறுகிறது. அதை உடைக்கும் என்சைமை ஃப்ளூக்ளாக்ஸசிலின் தடுக்கிறது. சிறுநீரகமும் மந்தமாக இருந்தால் வெளியேறவும் வழியில்லை. பெண்களிடம்தான் இது அதிகம் பதிவாகியிருக்கிறது.

ரத்தத்தில் பாராசிட்டமால் அளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்து இதைத் தள்ளிவிடாதீர்கள். பல நோயாளிகளிடம் அது சாதாரணமாகவே இருக்கும். அசிட்டைல்சிஸ்டைனுக்கு ஆதாரம் என்று இருப்பவை பெரும்பாலும் தனி நோயாளிகளின் பதிவுகள்தான். ஆனாலும் குளுட்டாதயோனை மீட்கும் மருந்து என்பதால் நான் அதன் பக்கம்தான்.

2008இல் லான்செட்டில் அமில மிகைக்கான காரணங்களை நினைவில் வைக்க 'கோல்ட்மார்க்' என்ற சுருக்கம் வெளிவந்தது. அதில் 'ஓ' என்பது இந்த ஆக்ஸோபுரோலின்தான்.

ஐசியூ செவிலியர்

நாங்கள் பார்த்த அம்மாவுக்கு டிரக் சார்ட்டில் பாராசிட்டமால் ஒரே இடத்தில் இல்லை. ஐவி (ரத்தக்குழாய் வழி ஊசி) ஒரு வரி, டிரமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்த மாத்திரை இன்னொரு வரி. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் தப்பே தெரியாது. எடையும் 40 கிலோவைத் தொடவில்லை. 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் ஐவி ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். மூச்சு எண்ணிக்கையைத் தயவுசெய்து எண்ணி எழுதுங்கள். அந்த அம்மாவின் சார்ட்டில் வேளைக்கு வேளை 18, 18 என்றே இருந்தது. நான் எண்ணியபோது 32.

நோயாளியின் மகள்

நான் மருத்துவத் துறை இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மாவுக்கு இதே மாதிரி மூச்சு வாங்கியது. பதற்றம் என்றார்கள், தூக்கத்துக்கு மருந்து தந்தார்கள். குழப்பமாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றியபோது, அங்கே இருந்த சிறுநீரக மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்டதே "எவ்வளவு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை?" என்றுதான். அந்தக் கேள்வியை யாருமே அதுவரை கேட்கவில்லை. அம்மா பிழைத்து வந்தார். இனி காய்ச்சல் வந்தால் என்ன கொடுப்பது, டாக்டர்? பாராசிட்டமால் பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

பொது மருத்துவர்

அம்மா தேறியது மிகுந்த சந்தோஷம். ஒருமுறை இப்படி வந்தவருக்கு மறுபடி தொடர்ந்து பாராசிட்டமால் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அதற்காக நீங்களாகவே கடையில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். காய்ச்சல் வந்தால் காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பாராசிட்டமாலால் பைரோகுளூட்டமிக் அசிடோசிஸ்' என்று எழுதித் தரச் சொல்லி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். வீட்டில் மற்றவர்கள் இரண்டு நாள் காய்ச்சலுக்குச் சரியான அளவில் போடுவதில் பயப்பட ஒன்றுமில்லை.